ஞாயிற்றுக்கிழமைக் கை

எப்பிராத்தாபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஓய்வுநாள் என்றால் உயிர். அதை அவர்கள் ஆசரிக்கிற வேகத்தைப் பார்த்தால், திங்கட்கிழமை கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்த்தான் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். விடியுமுன்னே அருணோதயப் பிரார்த்தனை, ஆறு மணிக்குக் கறிக்கடை வரிசை, ஏழரைக்கு ஓய்வுநாள் பள்ளி, ஒன்பதுக்கு ஆராதனை, ஆராதனை முடிந்த கையோடு கமிட்டிக் கூட்டம், கமிட்டியில் போட்ட சண்டை ஆறுவதற்குக் கறிச்சோறு, மூன்று மணிக்கு வாலிபர் கூட்டம், நாலுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம், ஐந்துக்குத் தெருப்பிரசங்கம், ஆறரைக்கு மாலை ஆராதனை என்று ஒரு நாளைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு, ஓய்வுநாளில் ஒரு வேலையும் செய்யாதே என்கிற நாலாவது கட்டளையை எங்கள் ஊர் மீறியதே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவகையில் அது உண்மைதான். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது.

துரும்பையும் மலையையும் சேர்த்துப் புரட்டிப்போட்டவர்களில் ஒருத்தி ஞானப்பூ. வாரத்தில் ஐந்து நாள் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்துவாள், சனிக்கிழமை துணி துவைப்பாள், ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலர் சுவிசேஷமுத்துவின் மனைவியாக இருப்பாள். மூன்றிலும் கடினமானது கடைசி வேலைதான். சுவிசேஷமுத்து உரக்கடை வைத்திருந்தாலும் அவருடைய உண்மையான தொழில் செயலராக இருப்பது. பதினொரு வருஷமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, தான் எழுந்துவிட்டால் கர்த்தருக்குச் சிரமமாகிவிடும் என்று மனதார நம்பினார். அவருடைய அக்கா ரெஜினா, புருஷனையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் தம்பி வீட்டில் கறிச்சோறு சாப்பிடுவாள். யாராவது வெளியூர்ப் பிரசங்கியார் வந்தால் அவரும் சாப்பிடுவார். இதனால், கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷத்தில் ஞானப்பூ ஒரு ஆராதனையைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. பிரசங்கம் தொடங்கிய கால் மணி நேரத்தில் பெண்கள் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக நழுவி வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஆராதனையின் கடைசியில் கை உயர்த்திச் சொல்கிற ஆசீர்வாதம் அந்த ஊரில் எல்லார் தலைமேலும் இறங்கியிருக்கிறது, அவள் தலையைத் தவிர.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் வெங்காயம் அறுத்தாள். ஒரு கிண்ணம் நிறைய அறுத்து முடித்து, தேங்காயைத் துருவிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வெங்காயம் தோலும் வாலுமாக முழுசாக உருண்டு கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் அறுக்க மறந்துவிட்டோம் போல என்று மறுபடி அறுத்தாள். அதற்குள் துருவிய தேங்காய் ஓட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. துண்டுபோட்ட கறி தொடையாகச் சேர்ந்தது, கழுவிய பாத்திரத்தில் நேற்றைய குழம்பு காய்ந்து ஒட்டியது, மகள் பிளெஸ்ஸிக்குப் பின்னிவிட்ட சடை, நாடா கட்டி முடித்ததும் தானாகப் பிரிந்து விழுந்தது. ஒரு வேலை முடிந்தபின் பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான், அதற்குள் அவள் கை செய்தது அத்தனையும் செய்யாததாகிவிட்டது.

சுவிசேஷமுத்து இஸ்திரி போட்ட சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இது சட்டையா, எரும மென்னு துப்புனதா?"

"தேச்சி வச்சேங்க. திரும்பக் கசங்கிட்டு."

"சட்ட தானா கசங்குமோ? எங்கண்ணு முன்னால தேயி பாப்போம்."

அவள் தேய்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டை மெல்ல உடம்பை நெளித்துச் சுருங்கியது. சுவிசேஷமுத்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வோல்ட்டேஜ் கம்மி" என்று சொல்லி அதையே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். சாப்பிட வந்த ரெஜினா, மேசைமேல் பச்சையாகக் கிடந்த முழுத் தொடையைப் பார்த்துவிட்டுப் பந்தலில் துக்கம் கேட்பவளைப்போல உட்கார்ந்துவிட்டாள்.

"பத்தொம்பது வருசமா கைநனைச்ச வீடு. இன்னிக்குப் பச்சக் கறியக் காட்டி அனுப்புதாளே எந்தம்பி பொண்டாட்டி!"

"மைனி, நான் என்ன செய்ய? அறுத்தா ஒட்டிக்கிடுது."

"ஒட்டுனா என்ன? ஒட்டுறதுக்குள்ள சட்டில போட வேண்டியதுதான?"

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அறுத்தது அறுந்தபடியும் துவைத்தது வெளுத்தபடியும் இருந்தன. அடுத்த ஞாயிறு மறுபடி ஒட்டியது, கசங்கியது, பிரிந்தது. செய்தி ஊரைச் சுற்றி வருவதற்கு ஒரு மாலை ஆராதனை போதுமானதாக இருந்தது. ஆனால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஓடவில்லை என்பதில் அதிசயிக்க என்ன இருக்கிறது, அந்த வீட்டில் மதியம் என்ன சாப்பிடுவார்கள் என்பதல்லவா கேள்வி என்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பெண்கள் ஐக்கிய சங்கம் மறைவான பாவம் என்றது, எது அந்தப் பாவம் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அந்த ஊரில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அந்த ஐயர், வேதாகமத்துக் கதையில் விருந்துக்கு வந்த கர்த்தருக்கு முன்னால் அடுப்படியில் கிடந்து புலம்பிய அக்காவைக் கண்டித்தும் காலடியில் சும்மா உட்கார்ந்திருந்த தங்கையைப் புகழ்ந்தும் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, வாசலில் சுவிசேஷமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாரமும் ஒங்க வீட்ல கறிச்சோறு கெடையாதாமே?" என்று கண் கலங்கக் கேட்டார்.

மூன்றாம் ஞாயிறு ஞானப்பூ அடுப்படிக்குள் போகவே இல்லை. போய் என்ன ஆகப்போகிறது? பிள்ளைகள் இருவருக்கும் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதல் மணிக்கே கோயிலுக்குப் போய்ப் பெண்கள் பக்கத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிரசங்கத்தின் பின்பாதியைக் கல்யாணமாகி வந்தபின் முதல்முறையாகக் கேட்டாள். இத்தனை வருஷம் அதைக் கேட்காததால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஐயர் கை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லி முடித்தபின், மணி அடிப்பதற்கு முன்னால், யாரும் அசையாமல் இருக்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடுப்பில் பத்தொன்பது வருஷமாக இருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கிக் கீழே வைத்ததைப்போல இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து சாயங்காலம் நாலு மணிவரை வாயைத் திறந்துபோட்டுத் தூங்கினாள். பிள்ளைகள் ரொட்டி தின்றதால் செத்துவிடவில்லை. எழுந்து முகம் கழுவும்போது அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. உலகத்தில் தனக்கு வேறு எதுவும் வேண்டாம், இந்த ஒரு நாள் இப்படியே இருந்தால் போதும்.

அது சுவிசேஷமுத்துவுக்குப் போதவில்லை. செயலர் வீட்டிலேயே அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த தேர்தலில் என்ன பதில் சொல்வது? மனைவியின் கை குணமாக வேண்டும் என்று, அடுத்த ஞாயிறு பிற்பகல் வீட்டில் ஒரு உபவாசக் கூட்டம் ஏற்பாடு செய்தார். இருபத்தொரு பெண்கள் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி நடுவில் உட்காரவைத்து, அவள் தலையில் கைவைத்து இரண்டு மணி நேரம் கதறினார்கள். ஓய்வுநாளில் இவள் வேலை செய்யும்படி இரங்கும் என்று ஓய்வுநாளை உண்டாக்கினவரிடமே கேட்கிறோமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. உபவாசம் முடிந்ததும் எல்லோருக்கும் பசித்தது. ரெஜினா தேநீர் போட்டுக் கெண்டியில் ஊற்றி, "நீ சும்மாதான இருக்க, குடு" என்று ஞானப்பூவின் கையில் கொடுத்தாள். அவள் இருபத்தொரு டம்ளரிலும் ஊற்றினாள். அவர்கள் குடித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள், தொண்டை நனைந்ததா என்று கவனிக்க நேரமில்லாமல் எழுந்துபோனார்கள். கடைசிப் பெண் வாசலைத் தாண்டியதும் கெண்டி விளிம்புவரை நிறைந்தது. அந்தக் கெண்டியைச் சுவிசேஷமுத்து பார்த்துவிட்டார்.

மனைவியின் கையைப் பற்றி அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆழ்ந்து சிந்தித்தார். இவள் சமைத்தால் பச்சையாகிவிடும், சரி. வேறு யாராவது சமைத்து இவள் பரிமாறினால்? பரிமாறுகிற வேலை சாப்பிட்டவர் எழுந்து கை கழுவும்போதுதானே முடிகிறது? அடுத்த ஞாயிறு ரெஜினா சமைத்தாள், ஞானப்பூவைக் கோயிலிலிருந்து பாதியில் கூட்டிவந்து பரிமாறச் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள், பானை நிறைந்தது. மறுபடி சாப்பிட்டார்கள், மறுபடி நிறைந்தது. நாலு முறை சாப்பிட்டும் இருவருக்கும் பசி அடங்கவில்லை, ஆனால் அது எப்போதும் அடங்காத பசி என்பதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"வேதத்துல உள்ள விதவையோட பானதான் இது, கொறையவே கொறையாது!" என்று சுவிசேஷமுத்து துள்ளினார். "அசனத்துக்கு இவ பரிமாறட்டும்."

அசனம் என்பது அந்த ஊர்ச் சபையின் பெரிய விருந்து. சுற்று வட்டாரத்திலிருந்து இரண்டாயிரம் பேர் வந்து வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். அந்த வருஷம் அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கேன், கேப்பீங்களா?" என்றாள் ஞானப்பூ. "வாரத்துல ஒரு நாள், கோயில்ல கடைசி வரைக்கும் உக்காந்துட்டு வந்து படுத்துக்கிடுதேன். அத மட்டும் எனக்கு விட்டுருங்க."

"கர்த்தர் குடுத்த வரத்தப் பாயில சுருட்டி வைக்கப் போறியா? சுயநலம்ட்டி இது."

"இது பரிமாறுறதுக்குக் குடுத்த வரமாத் தெரியலீங்க."

"நீ வேதசாஸ்திரம் படிச்சிருக்கியா? ஐயர் படிச்சிருக்காரு. அவரு சரின்னுட்டாரு."

ஐயர் உண்மையாகவே சரி என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை கறி கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொண்டார். வழக்கமாகப் பன்னிரண்டு மூட்டை அரிசி பொங்குகிற அசனத்துக்கு மூன்று மூட்டை போதும் என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. ஊர் எல்லையில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் கமிட்டி உறுப்பினர்கள் ஒன்பது பேரும் கும்பிட்டபடி நின்றார்கள், சுவிசேஷமுத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக நின்றார், அவருடைய முழங்கைக்குக் கீழே தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருந்தது. உற்றுப் பார்த்தவர்கள் அது ஞானப்பூ என்றார்கள்.

அசனத்தன்று அவள் கோயிலுக்குள் நுழையவில்லை. ஆராதனை நடக்கும்போது கோயிலுக்குப் பின்னால் அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றாள், ஆசீர்வாதத்தின்போது வாளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த வாளியில் அழுக்கு திரும்பத் திரும்ப வந்தது. பிறகு பந்தி தொடங்கியது. வரத்தில் எவன் கைவைத்தாலும் கெட்டுவிடும் என்று கமிட்டி சொன்னதால் வேறு யாரும் கரண்டியைத் தொடவில்லை. இருநூறு பேர் கொண்ட ஒவ்வொரு பந்திக்கும் அவள் ஒருத்தியே சோற்று வாளியையும் கறி வாளியையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தாள். பந்தி எழுந்தது, அண்டா நிறைந்தது, கமிட்டி கைதட்டியது. எழுந்தவர்கள் பந்தலைச் சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த வருஷம் கறியின் ருசியே தனி, எவ்வளவு தின்றாலும் திகட்டவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்து மெச்சிக்கொண்டார்கள். ஐயர் இரண்டாவது தடவையும் கேட்டார், ஐந்தாவது தடவையும் கேட்டார். மேடையில் சுவிசேஷமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய செயலர் காலத்தில் நடந்த இந்த அற்புதத்துக்காகத் தன்னைத் தாழ்த்தி மூன்று மணி நேரமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஞானப்பூவின் தோள்கள் இற்று விழுகிறதைப்போல வலித்தன. இவ்வளவு பெரிய ஊரில் ஒருவனாவது வாளியை வாங்கிக்கொள்ள எழுவானா என்று பார்த்தாள். எழுந்தவன் எல்லாம் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கத்தான் எழுந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு நிறைமாசக்காரி இலைக்கு முன்னாலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஞானப்பூ வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள்.

"எத்தன தடவ சாப்ட்ட தாயி?"

"ஏழு தடவக்கா. ஆனா நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணுமே தின்னாத மாதிரி இருக்கு."

ஞானப்பூ அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு நிறைந்து வழியும் அண்டாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. மேடையில் ஏறினாள்.

"பந்திய நிறுத்தச் சொல்லுங்க. யாரு வயித்துலயும் ஒண்ணுமில்ல. நான் போட்டது எல்லாம் அண்டாவுக்கே திரும்பிட்டு."

சுவிசேஷமுத்து மைக்கைக் கையால் பொத்தினார். "ஏட்டி, இன்னும் ரெண்டு பேருக்குச் சால்வ போடணும். அதுவர வாயத் தொறக்காத."

அவள் மைக்கைப் பிடுங்கினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பழகிய குரலில், "எல்லாரும் அவங்கவங்க வயித்தத் தொட்டுப் பாருங்க" என்றாள். இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தார்கள். காலையிலிருந்து மென்று மென்று தாடை வலித்தவர்கள் எல்லோருக்கும் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. முதலில் பிள்ளைகள் அழுதார்கள், பிறகு பெரியவர்கள் அண்டாக்களின் மேல் பாய்ந்தார்கள். தங்கள் கையாலேயே அள்ளித் தின்றது மட்டும் வயிற்றில் தங்கியது. மூன்று மூட்டைச் சோறு எத்தனை பேருக்குக் காணும்? அருகருகே மண்டியிட்டு ஜெபித்தவர்கள் ஒரு எலும்புக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். ரெஜினா ஒரு கறி வாளியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு யாரையும் அண்டவிடவில்லை. ஞானப்பூ ஒரு கும்பாவைப் பிடுங்கிக்கொண்டுபோய் அந்த நிறைமாசக்காரியின் கையில் கொடுத்து, தானே அள்ளித் தின்னச் சொன்னாள்.

மறுநாள் கமிட்டி கூடியது. மூன்று மூட்டை என்று முடிவெடுத்தது யார் என்று ஏழு மணி நேரம் விவாதித்து, யாரும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே குற்றம் ஞானப்பூவுடையது என்று ஆனது. அவள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஐயர் தீர்மானத்தை வாசித்தார். சபைக்கும் குடும்பங்களுக்கும் தீங்கு நேரிடாதபடிக்கு, ஞானப்பூ என்பவள் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அகப்பை, அரிவாள்மணை, துடைப்பம், இஸ்திரிப்பெட்டி முதலிய எதையும் தொடக்கூடாது, தொட அனுமதிக்கும் குடும்பத்தார் சபைநீக்கம் செய்யப்படுவார்கள். ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தால் குனிந்தாள் என்று ஊர் நினைத்தது. அவளோ தன் முகத்தை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று குனிந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சுவிசேஷமுத்து சமைத்தார். பிரசங்கத்தின் நடுவில் ஆண்கள் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக நழுவி ஓடினார். ரெஜினா தம்பியின் குழம்பை ஒருமுறை ருசித்துவிட்டுத் தன் வீட்டிலேயே சாப்பிடத் தொடங்கினாள். ஒரு மாதம் கழித்து கமிட்டி உறுப்பினர் ஒருவரின் மனைவி, தன் கையிலும் வெங்காயம் ஒட்டிக்கொள்கிறது என்று அழுதுகொண்டே வந்து சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் சொன்னார்கள், அதற்கடுத்த வாரம் ஒரு தெருவே சொன்னது. ஆண்களுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அசனத்தன்று வயிற்றைத் தொட்டுப் பார்த்தவன் எவனுக்கும் சோதித்துப் பார்க்கத் தைரியமில்லை. ஐயரம்மாவின் கைக்கும் அது வந்துவிட்டபிறகு பிரசங்கம் பத்து நிமிஷமாகச் சுருங்கியது, ஏனென்றால் ஐயருக்கும் உலை வைக்க வேண்டியிருந்தது. ஞானப்பூ அந்தப் பெண்களுக்காக மனம் வருந்தினாள். என்னால் வந்த வினையோ என்று நினைத்து, பாயில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்கப் பார்ப்பாள். ஒருத்தியும் அவளை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். எல்லோரும் பீடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிறு, ஆசீர்வாதமும் அந்த அரை நிமிஷமும் முடிந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தாள். தலைமாட்டில் மகனுடைய பள்ளிச் சட்டை பித்தான் அறுந்து கிடந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? ஊசியை எடுத்து, என்ன கிழமை என்ற நினைவே இல்லாமல் தைத்து முடித்து, நூலைப் பல்லால் அறுத்துவிட்டுப் படுத்தாள். பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது. பரமண்டல ஜெபத்தை ஒருமுறை சொன்னாள். பித்தான் இருந்தது. இன்னொரு முறை, வார்த்தை வார்த்தையாக, மெதுவாகச் சொன்னாள். பித்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கை சரியாகிவிட்டது, அடுத்த ஞாயிற்றிலிருந்து என்ன, இன்றிலிருந்தே எல்லாம் பழையபடி ஆகிவிடும், கறித்தொடை, கசங்காத சட்டை, வாசலில் மைனி. அப்போதுதான் பீடத்தையே வெறித்துக்கொண்டிருக்கும் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. அடிப்பாவிகளா என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுப்படியில் புகைக்கு நடுவில் இருமிக்கொண்டே சுவிசேஷமுத்து கேட்டார். ஞாயிறுதோறும் கேட்பார்.

"ஏ ஞானப்பூ, ஒங்கை எப்படி இருக்கு? கொஞ்சமாவது கொணம் தெரியுதா?"

அவள் சட்டையை வாய்க்குக் கொண்டுபோய், பித்தானைக் கடித்துப் பிய்த்து உள்ளங்கையில் துப்பினாள்.

"எங்கங்க? இப்பகூட ஒரு பித்தான் தச்சேன், கழண்டு விழுந்துட்டு" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு வெங்காயத்திடம் திரும்பிப் போனார். ஓய்வுநாளில், அதுவும் ஆசீர்வாதம் வாங்கிய அரை மணி நேரத்துக்குள், கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கப் பொய் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டாக வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்பதும் ஒரு வேலைதான் என்று தோன்றியதால், அதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.